மைசூர் வீழ்ந்த 1799: மே 4-க்குப் பின்னரே எழுதப்பட்டது நாட்டின் விதி

மைசூரு:

மைசூருவுக்கும் பெங்களூருவுக்கும் இடையே ஓடிய "திப்பு எக்ஸ்பிரஸ்" ரயிலின் பெயர் 2022 அக்டோபரில் "உடையார் எக்ஸ்பிரஸ்" என மாற்றப்பட்டது. கர்நாடக அரசு 2015 முதல் கொண்டாடி வந்த திப்பு ஜயந்தி விழா, 2019-இல் ஆட்சி மாறியதும் நிறுத்தப்பட்டது. தேர்தல் வரும்போதெல்லாம் இவ்விரு பெயர்களும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. திப்பு விடுதலை வீரர் என்பர் ஒரு சாரார். குடகிலும் மலபாரிலும் மங்களூர்க் கிறிஸ்தவர்களிடையேயும் அவரது படையெடுப்புகள் விட்டுச் சென்ற கசப்பான நினைவுகளை எடுத்துக்காட்டுவர் மற்றொரு சாரார். சிருங்கேரி மடத்துக்கு அவர் செய்த உதவிகளும் ஆவணங்களில் உள்ளன. இந்தக் கொடுமைகளும் ஆவணங்களில் உள்ளன.

இந்த விவாதங்கள் அனைத்தும் இறுதியில் வந்து நிற்கும் ஆண்டு 1799. அவ்வாண்டில் ஓர் அரச மரபு வீழ்ந்தது, மற்றொன்று மீண்டது என்பதே பாடநூல்கள் தரும் சுருக்கம். ஆனால், வீழ்த்தியவரும் மீட்டவரும் ஒருவரே என்பதும், அவர் இவ்விரு மரபுகளிலும் சேராதவர் என்பதும் அந்தச் சுருக்கத்தில் மறைந்துவிடுகின்றன. அந்த ஓராண்டின் நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், மைசூரின் விதி கோட்டைச் சுவரில் உடைப்பு ஏற்பட்ட மே மாதத்தில் அல்ல, உடன்படிக்கைகள் எழுதப்பட்ட ஜூன், ஜூலை மாதங்களிலேயே முடிவானது என்பது புலனாகும். தமிழகத்தின் விதியும் அதே வரிசையில்தான் எழுதப்பட்டது.

முன்பே திறந்த கணவாய்கள்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச் 18-இல் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு தன் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடு செலுத்த ஒப்புக்கொண்டார். அதற்குப் பிணையாக இரு மகன்களைக் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிரபுவிடம் ஒப்படைத்தார். தொகை தீர்ந்த பின்னர் 1794-இல் அவர்கள் திரும்பினர்.

அப்போது கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த பகுதிகளில் மலபாருடன் திண்டுக்கல், சேலம், பாரமகால் ஆகியவையும் அடங்கும். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களை உள்ளடக்கிய பாரமகால், தமிழகச் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறும் வழி. ஹைதர் அலியின் குதிரைப்படை ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கிய கணவாய்கள் இங்குதான் உள்ளன. 1792-க்குப் பின் அக்கணவாய்களின் காவல் கம்பெனியின் கைக்கு மாறியது. அடுத்த போர் தொடங்கும் முன்பே அதன் பாதை திறந்துவிட்டது எனலாம்.

1798 ஏப்ரலில், பிரெஞ்சுக்காரரின் மொரீஷியஸ் தீவிலிருந்து சுமார் நூறு தன்னார்வலர்கள் மங்களூரில் வந்து இறங்கினர். திப்புவுடன் சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்க்க ஆள் வேண்டும் என்று அத்தீவின் ஆளுநர் மலார்திக் அவ்வாண்டு ஜனவரியில் வெளியிட்ட பகிரங்க அறிக்கையின் விளைவு இது. வந்த ஆள்கள் குறைவு. ஆனால் அறிக்கையின் விளம்பரம் பெரிது. அவ்வாண்டு மே மாதம் கல்கத்தாவில் பொறுப்பேற்ற புதிய கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லிக்குப் போருக்கான காரணம் கிடைத்தது. ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் இறங்கியதும் அக்காரணத்துக்கு வலுச் சேர்ந்தது. செப்டம்பரில் ஐதராபாத் நிஜாம் கம்பெனியின் துணைப்படை உடன்படிக்கையை ஏற்றார். அக்டோபரில் அவரிடமிருந்த பிரெஞ்சுப் பயிற்சிப் படை கலைக்கப்பட்டது. டிசம்பர் 31-ஆம் தேதி வெல்லெஸ்லி சென்னை வந்து சேர்ந்தார். போர் நடந்த மாதங்கள் முழுவதும், அதன் பின் உடன்படிக்கைகள் எழுதப்பட்ட மாதங்களிலும், அவர் இருந்தது சென்னையில்தான்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை

1799 பிறந்தபோது மைசூர் சமாதான நாடாகவே இருந்தது. ஜனவரியில் வெல்லெஸ்லிக்கும் திப்புவுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நடந்தது. திப்புவின் பதில்கள் தாமதமாகவும் மழுப்பலாகவும் வருவதாகக் கூறி, பிப்ரவரி 3-இல் படை நகர உத்தரவிடப்பட்டது. அதே ஜனவரியில் கெய்ரோவிலிருந்து நெப்போலியன் திப்புவுக்கு எழுதிய கடிதம் அவரைச் சென்றடையவே இல்லை. அது ஆங்கிலேயர் கையில் சிக்கியது.

பிப்ரவரி 11-ஆம் தேதி தளபதி ஜார்ஜ் ஹாரிஸ் தலைமையில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் வேலூரிலிருந்து புறப்பட்டனர். ஆம்பூர் அருகே நிஜாமின் படை வந்து இணைந்தது. மேற்கே கண்ணனூரிலிருந்து பம்பாய்ப் படை மலையேறியது. சென்னைப் படையின் சிப்பாய்களில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். படைக்கு வேண்டிய தானியமும் கால்நடைகளும் பாரமகாலிலும் காவிரிக் கரைச் சீமைகளிலும் திரட்டப்பட்டன. மைசூரை நோக்கி நடந்த படையின் ஆளும் உணவும் பெருமளவு தமிழகத்திலிருந்தே சென்றன என்பது குறிப்பிடத்தக்கது.

மார்ச் 5-இல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை வழியாக மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. மறுநாள் குடகு எல்லையில் பம்பாய்ப் படையைத் திப்பு தாக்கினார். தாக்குதல் முறியடிக்கப்பட்டது. குடகு அரசர் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். மார்ச் 27-இல் மளவள்ளியில் நடந்த போரிலும் மைசூர்ப் படை பின்வாங்கியது. ஹாரிஸ் எதிர்பாராத இடத்தில், சோசலே அருகே, காவிரியைக் கடந்து ஏப்ரல் 5-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மேற்குப் பக்கம் வந்து முகாமிட்டார். அன்றிரவு சுல்தான்பேட்டைத் தோப்பைக் கைப்பற்றச் சென்ற கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி, இருளில் மைசூரின் ராக்கெட் வீச்சில் சிதறித் திரும்பினார். கவர்னர் ஜெனரலின் தம்பியான இவர்தான் பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன்.

இரு தரப்பும் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தன. முற்றுகைப் படையின் அரிசி இருப்பு மே முதல் வாரம் வரைக்கே போதும் என்பது ஏப்ரல் நடுவில் தெரியவந்தது. பருவமழை தொடங்கிக் காவிரியில் வெள்ளம் வந்தால் கோட்டையை நெருங்க முடியாது. அரிசி தீரும் முன், ஆறு பெருகும் முன், கோட்டை விழ வேண்டும் என்பது ஹாரிஸின் கணக்கு. ஆறு பெருகும் வரை தாக்குப்பிடித்தால் போதும் என்பது திப்புவின் கணக்கு.

ஏப்ரல் 22-இல் ஹாரிஸ் அனுப்பிய நிபந்தனைகள் கடுமையானவை. எஞ்சிய நாட்டிலும் பாதி, 2 கோடி ரூபாய், நான்கு மகன்களும் நான்கு தளபதிகளும் பிணை, ஒரு நாளுக்குள் பதில். 1792-இல் நாட்டின் பாதியை இழந்த ஒருவரிடம் மீதியிலும் பாதி கேட்கப்பட்டது. திப்பு அதற்கு இணங்கவில்லை.

மே 4

மே 3-இல் கோட்டையின் மேற்குச் சுவரில் ஏற்பட்ட உடைப்பு படை ஏறத் தகுந்த அளவு அகன்றது. மே 4, சனிக்கிழமை. பிற்பகல் 1 மணிக்குப் பின், நண்பகல் வெயிலில் காவலர் சற்று ஓய்ந்திருந்த நேரத்தில், தளபதி டேவிட் பேர்டு வாளை உயர்த்தி அகழியிலிருந்து வெளிவந்தார். நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் பாறைகள் தெரிந்த ஆற்றைச் சில நிமிடங்களில் கடந்தனர்.

பேர்டு இக்கோட்டையை அறிந்தவர். 1780-இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் ஆங்கிலப் படையை முறியடித்தபோது பிடிபட்டு, 1784 வரை இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விலங்கிடப்பட்டுக் கிடந்தவர். அந்தப் பொள்ளிலூர் வெற்றியின் ஓவியம் இன்றும் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் உள்ளது.

மாலைக்குள் எல்லாம் முடிந்தது. தண்ணீர் வாயில் அருகே சாதாரண வீரனைப்போல் போரிட்ட திப்பு, குவிந்து கிடந்த உடல்களுக்கிடையே இரவில் விளக்கொளியில் அடையாளம் காணப்பட்டார். அமைச்சர் மீர் சாதிக் காட்டிக்கொடுத்தார் என்ற பேச்சு அன்றே எழுந்தது. அவர் சொந்தத் தரப்பினராலேயே கொல்லப்பட்டார். மைசூர்த் தரப்பில் பல்லாயிரம் பேர் மடிந்தனர். இரவெல்லாம் நகரம் கொள்ளையிடப்பட்டது. மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, கொள்ளையர் நால்வரைத் தூக்கிலிட்ட பிறகே ஒழுங்கு திரும்பியது. மே 5-இல் திப்புவின் உடல் தந்தையின் அருகே கும்பஸில் அடக்கம் செய்யப்பட்டது.

முறைப்படி நடந்த கொள்ளை அதன் பின்னர் தொடங்கியது. பத்து லட்சம் பவுனுக்கு மேற்பட்ட செல்வம் படையினருக்குத் தரவாரியாகப் பங்கிடப்பட்டது. பொன் தகடு போர்த்த அரியணை துண்டுகளாக்கப்பட்டது. ஆங்கிலேயனைப் புலி கடிக்கும் மரப்பொம்மை லண்டனுக்குச் சென்றது. அது இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ராக்கெட்டுகள் உல்விச் ஆயுதச் சாலைக்குச் சென்று, காங்கிரீவ் ராக்கெட்டுக்கு முன்னோடியாயின. அரண்மனையில் கிடைத்த கடிதக் கட்டுகளை அதிகாரிகள் கவனமாகச் சேகரித்தனர். பொன்னையும் வைரத்தையும் விட அக்கடிதங்களே பின்னர் பெரிய விலைக்குப் போயின.

ஐவர் குழுவின் தீர்ப்பு

நாட்டை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. திப்புவின் மகன் ஒருவரை அமர்த்தலாம். நிஜாமும் கம்பெனியும் முழுவதையும் பங்கிட்டுக்கொள்ளலாம். ஹைதருக்கு முன்பிருந்த உடையார் மரபை மீட்கலாம் என மூன்று வழிகள் இருந்தன. திப்புவின் மகன் என்றைக்கும் பழியை மறவான் என்று முதல் வழி கைவிடப்பட்டது. முழுவதையும் பங்கிட்டால் நிஜாமின் பலம் பெருகும், மராத்தியர் பகைப்பர் என்று இரண்டாவதும் கைவிடப்பட்டது. மூன்றாவது வழி தேர்வானதன் முதற்காரணம் பழைய மரபின்பால் பற்று அன்று, இந்தக் கணக்கே.

முடிவுகளைச் செயல்படுத்த ஐவர் குழு அமைந்தது. தளபதி ஹாரிஸ், கவர்னர் ஜெனரலின் தம்பியர் ஆர்தர், ஹென்றி, கர்னல் கிர்க்பாட்ரிக், கர்னல் பாரி குளோஸ் ஆகியோர் உறுப்பினர். ஜான் மால்கம், தாமஸ் மன்றோ ஆகிய இரு கேப்டன்கள் செயலாளர்கள். பாரமகாலில் ஏழாண்டு வரி வசூலித்துப் பழகிய மன்றோ, மைசூருக்கு அரசரே தேவையில்லை என்ற கருத்துடையவர். பின்னாளில் அவர் சென்னை மாகாண ஆளுநரானார்.

ஜூன் 22-இல் பங்கீட்டு உடன்படிக்கை கையெழுத்தானது. கையெழுத்திட்டவர்கள் கம்பெனியின் பிரதிநிதிகளும் நிஜாமின் பிரதிநிதி மீர் ஆலமும் மட்டுமே. பங்கிடப்பட்ட நாட்டைச் சேர்ந்த ஒருவரும் அதில் ஒரு தரப்பாக இல்லை. கனரா கடற்கரை, வயநாடு, கோயம்புத்தூர், தாராபுரம், ஸ்ரீரங்கப்பட்டணத் தீவு ஆகியவை கம்பெனிக்குச் சென்றன. கூட்டி, குர்ரம்கொண்டா முதலிய வடகிழக்குப் பகுதிகள் நிஜாமுக்குச் சென்றன. பேஷ்வாவுக்கு ஒதுக்கிய பங்கை, அதனுடன் வந்த நிபந்தனைகளால் அவர் ஏற்கவில்லை. அதுவும் இவ்விருவருக்கே போயிற்று. நிஜாம் தன் பங்கை அடுத்த ஆண்டே, படைச் செலவுக்கு ஈடாகக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். நடுவில் எஞ்சிய நிலமே புதிய மைசூர்.

பந்தலில் முடிசூட்டு விழா

ஜூன் 30-இல் மைசூர் நகரில் முடிசூட்டு விழா நடந்தது. அரண்மனை என்று சொல்ல அங்கு எதுவும் இல்லை. பழைய மைசூர்க் கோட்டையைத் திப்பு இடித்து, அருகே நஜர்பாத் என்ற புதிய கோட்டையை எழுப்பத் தொடங்கியிருந்தார். அதுவும் முடியவில்லை. அந்தப் பெயர் இன்றும் மைசூருவின் ஒரு வட்டாரத்துக்கு உள்ளது. எனவே லட்சுமிரமணசுவாமி கோயில் அருகே போட்ட பந்தலில் அரியணை வைக்கப்பட்டது.

அதில் அமர்த்தப்பட்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1794 ஜூலையில் பிறந்தவர். ஐந்து வயது நிறைய இன்னும் இரு வாரம் இருந்தது. 1796-இல் தந்தை இறந்தபின் அரச குடும்பம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எளிய வீட்டில் வறுமையில் வைக்கப்பட்டிருந்தது. குழந்தையின் பாட்டி முறையான ராணி லட்சுமி அம்மணி, ஹைதரின் காலத்திலிருந்தே ஆங்கிலேயருடன் இரகசியத் தொடர்பு வைத்திருந்தார். அவருடைய தூதர் திருமலை ராவ் 1782-இல் தஞ்சாவூரில் ஆங்கிலேயருடன் ஓர் உடன்படிக்கையே செய்திருந்தார். 17 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் ராணியின் எண்ணம் நிறைவேறியது. ஆனால் அவர் நினைத்த வடிவில் அல்ல. திவான் பதவி திருமலை ராவுக்குக் கிடைக்கவில்லை. ஹைதரிடமும் திப்புவிடமும் நிதிப் பொறுப்பு வகித்து, கோட்டை விழுந்தபின் பணிந்த பூர்ணையாவே திவானாக அமர்த்தப்பட்டார். புதிய அரசர் பெயரில் பழைய நிர்வாகம் தொடர்ந்தது.

எட்டு நாள் கழித்து, ஜூலை 8-இல், அக்குழந்தை அரசரின் பெயரில் துணைப்படை உடன்படிக்கை கையெழுத்தானது. ஆண்டுதோறும் 7 லட்சம் நட்சத்திர வராகன், அதாவது 24 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், கம்பெனிக்குச் செலுத்த வேண்டும். பங்கீட்டு அட்டவணையில் மைசூருக்கெனக் கணக்கிட்ட வருவாயில் இது பாதிக்கும் மேல். அயல் அரசுகளுடன் கம்பெனிக்குத் தெரியாமல் கடிதத் தொடர்பு கூடாது. தொகை வராது என்று கவர்னர் ஜெனரல் கருதினாலே போதும், நாட்டின் எப்பகுதியையும் நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொள்ளலாம். திப்புவிடம் ஏப்ரலில் கேட்டதைவிட அதிகமான நிலமும் நிலையான வருவாயும் போரிடாத ஒரு குழந்தையிடமிருந்து ஜூலையில் கிடைத்துவிட்டன.

அதே ஆண்டில் தமிழகம்

மைசூர்ப் போருக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கம்பெனிப் படை திரும்ப அழைக்கப்பட்டிருந்தது. கோட்டை விழுந்த மே மாதத்திலேயே திருச்சி, தஞ்சை, மதுரைப் படைகள் திருநெல்வேலி நோக்கி நகரச் சென்னையிலிருந்து உத்தரவு பிறந்தது. செப்டம்பர் 5-இல் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபரில் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஸ்ரீரங்கப்பட்டணமும் கயத்தாறும் பாடநூலில் வெவ்வேறு அத்தியாயங்கள். சென்னைக் கோட்டையிலிருந்து பார்த்தவர்களுக்கு அவை ஒரே ஆண்டின் இரு பணிகள்.

அக்டோபர் 25-இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்து ஓய்வூதியம் பெறும் உடன்படிக்கையை ஏற்றார். மைசூரிடமிருந்து பெறப்பட்ட கொங்கு நாடு வடக்கு, தெற்கு என இரு மாவட்டங்களாக ஆளப்பட்டு, 1804-இல் கோயம்புத்தூர் மாவட்டமாக ஒன்றாக்கப்பட்டது. நீலகிரியும் கொள்ளேகாலும் அதனுள் அடங்கின. கணவாய்க்கு மேலுள்ள ஓசூர்ப் பகுதி சேலத்துடன் சேர்ந்தது. கொள்ளேகால் 1956 மாநிலச் சீரமைப்பில்தான் மீண்டும் மைசூருக்குச் சென்றது. இன்றைய தமிழக-கர்நாடக எல்லைக் கோட்டின் பெரும்பகுதி, 1792, 1799 உடன்படிக்கைகளின் அட்டவணைகளிலிருந்து உருவானதே.

திப்புவின் பக்கம் நின்று போரிட்ட கொங்கு நாட்டுத் தீரன் சின்னமலை ஓடாநிலைக்குத் திரும்பிப் போராட்டத்தைத் தொடர்ந்தார். 1800 ஜூனில் கோயம்புத்தூர்க் கோட்டையைப் பிடிக்கப் பாளையக்காரர்கள் திட்டமிட்ட முயற்சி தோற்றது. அதே காலத்தில் வடக்கே, ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலிருந்து மே 4-இல் தப்பிய தூண்டியா வாக், கலைக்கப்பட்ட மைசூர்க் குதிரை வீரர்களைத் திரட்டிப் போரிட்டு, 1800 செப்டம்பரில் கொல்லப்பட்டார். 1801 ஜூன் 16-இல் திருச்சியில் மருது சகோதரர்களின் அறிக்கை ஒட்டப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அவர்கள் தூக்கிலிடப்பட்டனர். சின்னமலை 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார்.

ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையில் சேகரித்த கடிதக் கட்டுகள் இக்கட்டத்தில் வெளிவந்தன. ஆற்காட்டு நவாப் முகமது அலியும் அவர் மகன் உம்தத்துல் உமராவும் திப்புவுடன் இரகசியமாகத் தொடர்பு கொண்டிருந்தனர் என்பதற்கு அவை சான்றாகக் காட்டப்பட்டன. 1801 ஜூலையில் உம்தத்துல் உமரா இறந்ததும் அவர் மகனிடம் ஆட்சியை விட்டுக்கொடுக்கக் கேட்டனர். மகன் மறுத்தார். உறவினர் அசீமுத் தௌலாவை நவாபாக்கி, ஜூலை 31-இல் கர்நாடகப் பகுதி முழுவதன் நிர்வாகத்தையும் கம்பெனி பெற்றது. குழந்தை அரசரை வைத்து மைசூரில் செய்தது, இணங்கிய நவாபை வைத்து ஆற்காட்டில் நடந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த 27 மாதங்களில், நெல்லூரிலிருந்து திருநெல்வேலி வரை பெரும்பாலான நிலம் ஒரே ஆட்சியின் கீழ் வந்தது. சென்னை மாகாணம் உருவானது இவ்வாறே.

வேலூருக்கு வந்தவர்கள்

பிப்ரவரியில் படை புறப்பட்ட வேலூருக்கே, அவ்வாண்டின் நடுவில் திப்புவின் குடும்பம் கொண்டுவரப்பட்டது. பங்கீட்டு உடன்படிக்கையில் அவர்களுக்கென ஆண்டுக்கு 2 லட்சம் நட்சத்திர வராகன் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் வாழ்ந்த திப்பு மகாலும் ஹைதர் மகாலும் வேலூர்க் கோட்டைக்குள் இன்றும் உள்ளன. அவர்களைப் பின்தொடர்ந்து பிழைப்புத் தேடி வந்த மைசூர்க்காரர்கள் நகரில் குடியேறினர்.

1806 ஜூலை 10 அதிகாலை, திப்புவின் மகள் ஒருவரின் திருமணம் முடிந்த இரவில், வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தனர். தலைப்பாகை மாற்றமும் சமயக் குறிகளுக்குத் தடையும் உடனடிக் காரணங்கள். ஆயினும் கோட்டையில் ஏறியது திப்புவின் புலிக்கொடி. ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லஸ்பியின் குதிரைப்படை கிளர்ச்சியை அன்றே அடக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். மைசூரை வெல்ல அழைத்துச் செல்லப்பட்ட அதே சென்னைப் படையின் சிப்பாய்கள், ஏழே ஆண்டுகளில் மைசூரின் கொடியை ஏற்றினர். திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்.

நீண்ட கணக்கு

பென்டிங் மீண்டும் வந்தார். இம்முறை கவர்னர் ஜெனரலாக. 1830-இல் மைசூரின் நகர் பகுதியில் வரிக்கொடுமைக்கு எதிராக விவசாயிகள் கிளர்ந்தனர். அதைக் காரணமாக்கி, 1799 உடன்படிக்கையின் அந்த ஒரு பிரிவைப் பயன்படுத்தி, 1831-இல் மைசூரின் நிர்வாகத்தைப் பென்டிங் எடுத்துக்கொண்டார். ஐந்து வயதில் முடிசூட்டப்பட்ட கிருஷ்ணராஜர், 37 வயதில் ஆட்சி இழந்து, திரும்பக் கேட்டு மனுச் செய்தே 1868-இல் காலமானார். அவருடைய சுவீகார மகனிடம் 1881 மார்ச் 25-இல் ஆட்சி திருப்பித் தரப்பட்டபோது ஆண்டுத் தொகை 35 லட்சமாக நிர்ணயிக்கப்பட்டது. நான்காம் கிருஷ்ணராஜரின் வெள்ளி விழா நடந்த 1927-இல் அதில் பத்தரை லட்சம் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. வழக்காடிப் பெற்ற சலுகை, 1799-இன் அதே தொகைக்குத் திரும்பியதே.

தலைநகர் என்ற தகுதி போனதும் ஸ்ரீரங்கப்பட்டணம் தேய்ந்தது. திப்புவின் காலத்தில் தீவின் மக்கள்தொகை ஒன்றரை லட்சம் இருந்திருக்கும் என்றும், 1800-இல் சுமார் 32 ஆயிரமே எஞ்சியது என்றும் கம்பெனி அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் மதிப்பிட்டார். காய்ச்சலுக்கு அஞ்சி 1809-இல் ஆங்கிலப் படை பெங்களூருக்கு நகர்ந்தது. அங்கே எழுந்த தண்டுப் பகுதிக்குச் சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் வணிகர்களும் தொழிலாளர்களும் சென்றனர். பெங்களூருத் தமிழரின் வரலாற்றில் அல்சூருக்கும் சிவாஜிநகருக்கும் உள்ள இடம் இவ்வாறு வந்தது.

ஆனால் 1799 விட்டுச் சென்ற மிகப் பெரிய கணக்கு காவிரி. ஆற்றின் மேற்பகுதி கம்பெனிக்குக் கட்டுப்பட்ட ஒரு சமஸ்தானத்திடமும், கீழ்ப்பகுதி கம்பெனியின் நேரடி மாகாணத்திடமும் விடப்பட்டன. 1892-இலும் 1924-இலும் மைசூருக்கும் சென்னைக்கும் இடையே ஏற்பட்ட நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தங்கள் இந்த அமைப்பில் பிறந்தவை. கண்ணம்பாடி அணையும் மேட்டூர் அணையும் அவற்றின் கீழ் நிலைபெற்றன. "சமமற்ற இரு தரப்பினர் இடையே திணிக்கப்பட்டவை" என்பதே அவற்றுக்கு எதிராகக் கர்நாடகம் முன்வைத்து வந்த வாதம். தலைமுறைகளாக அந்நீரை நம்பிப் பயிரிட்ட டெல்டா விவசாயிகளின் உரிமை என்பது தமிழகத்தின் வாதம். 2018 பிப்ரவரி 16-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவ்வொப்பந்தங்கள் செல்லாதவை என்ற வாதத்தை ஏற்கவில்லை. 1924 ஒப்பந்தம் 50 ஆண்டு முடிந்து 1974-இல் காலாவதியானது என்று கூறி, தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் என நிர்ணயித்தது.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வருவோர் திப்புவின் உடல் கிடந்த இடத்தில் நடப்பட்ட கல்லைப் பார்க்கின்றனர். கும்பஸைப் பார்க்கின்றனர். முற்றுகையில் மாண்ட ஆங்கிலப் படையினருக்கு 1907-இல் மைசூர் அரசு எழுப்பிய தூணையும் பார்க்கின்றனர். அங்கிருந்து மைசூருக்குச் சென்று உடையார்களின் அரண்மனையையும் தசரா ஊர்வலத்தையும் காண்கின்றனர். ஜூன் 22, ஜூலை 8 ஆகிய தேதிகள் ஊர்வலம் எதிலும் இடம்பெறுவதில்லை. அவற்றின் பெயரில் ரயிலும் இல்லை. இரு மாநிலங்களின் விவசாயிகள் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் அணையின் நீர்மட்டத்தை எண்ணிக் காத்திருக்கும்போது, அந்த இரு தேதிகளின் விளைவுக்குள்தான் நின்றுகொண்டிருக்கிறார்கள்.